படுதாவில் தங்கிய அந்தி

அளமுனையில் அந்திப்பொழுது இல்லாமல் போனது ஒரு தை மாதத்தில், உப்புப் பாத்திகளுக்கு முதல் தண்ணீர் பாய்ச்சிய வாரத்தில். அது எங்கே போயிற்று என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. லாரிக்காரத் தெருவில் ஆவுடையம்மாள் டீச்சர் வீட்டு முன்னறைச் சுவரில், காடாத் துணியின் மேல், வஜ்ஜிரப் பசை காய்ச்சிக் கலந்த வண்ணங்களில் அது தொங்கிக்கொண்டிருந்ததை ஊரே போய்ப் பார்த்தது. பார்த்துவிட்டு, அதுதான், நம்முடையதுதான் என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பியது.

அந்தத் தெருவின் வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். உப்பு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரிகள் அந்தியில்தான் ஊர் திரும்பும். திரும்பும்போது சுடலைமாடன் கோயில் வளைவில் ஒவ்வொரு டிரைவரும் ஆரன் அடிப்பார். ஒருவர் ஆரன் மாதிரி இன்னொருவர் ஆரன் இராது, அவரவர் மனைவிக்கு அவரவர் ஓசை தெரியும், அந்த ஓசை காதில் விழுந்த பிறகுதான் அவள் தீப்பெட்டியை எடுத்து வாசல் மாடக்குழியில் விளக்கு வைப்பாள். நன்றாக இருட்டியும் ஒரு மாடக்குழி கறுத்துக் கிடந்தால் தெரு முழுக்க அதைப் பார்க்கும். யாரும் யாரையும் கேட்காமலே ஆண்கள் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய்விடுவார்கள். இன்னொரு வழக்கம் ஊர் முழுவதற்கும் பொது: விளக்கு வைத்த பிறகு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு உப்புப் போகக் கூடாது. ஊரைச் சுற்றி மலை மலையாக உப்பு குவிந்து கிடந்தாலும், விளக்கு வைத்த வீட்டில் ஒரு கல் உப்பு கிடைக்காது.

ஆவுடையம்மாள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. அவள் கணவர் செண்பகராமன் ஒரு நாள் உப்பு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அன்று இரவு தெருவே டார்ச் விளக்குகளோடு சாலையில் நடந்தது. லாரி மறுநாள் கிடைத்தது, வடக்கே மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்து நிழலில் ஒதுக்கி நிறுத்தியிருந்தது, தார்ப்பாய்க்குள் உப்பு அப்படியே இருந்தது, சாவி இருந்தது, சாப்பாட்டு அடுக்கைக் கழுவி சீட்டின் மேல் கவிழ்த்து வைத்திருந்தது. கழுவி வைத்தவரை மட்டும் காணோம். இறந்தார் என்று சொல்ல உடல் இல்லை, போய்விட்டார் என்று சொல்ல சண்டை இல்லை. ஆகவே அவள் குங்குமத்தை அழிக்கவில்லை, மாடக்குழியில் விளக்கும் வைக்கவில்லை. ஆரன் கேட்கவில்லையே, எப்படி வைப்பாள்.

வருடங்கள் போயின. விளக்கு வைக்காத வீட்டில் இருட்டிய பிறகும் உப்பு வாங்கலாம், தோஷமில்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் எதிர்வீட்டு மாடத்தி. கிண்ணத்தோடு வந்து, டீச்சர் ஒரு கை உப்பு என்று நின்றாள். டீச்சர் ஜாடியைத் திறந்து கொடுத்தாள். அதன் பிறகு தெருவே வந்தது. மறந்துபோய் வாங்காதவர்கள், ரசத்தைக் கொதிக்க வைத்துவிட்டுத் தேடுகிறவர்கள், விருந்தாளி வந்துவிட்டவர்கள். அதில் யோசனையில்லாத்தனம் கொஞ்சம் இருந்தது, அன்பும் கொஞ்சம் இருந்தது. எது எவ்வளவு என்று வருகிறவர்களுக்கே தெரியாது. எப்படியோ, இருண்ட வீட்டுக்குள் தினமும் யாராவது ஒருத்தி கால் வைத்துவிட்டுப் போனாள்.

பகலில் டீச்சருக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லித் தருவாள், சந்தைக்குப் போவாள், சிரிக்கவும் செய்வாள். இரவிலும் ஒன்றும் இல்லை. இரவு வந்துவிட்டால் இன்றைக்கு வரவில்லை என்று ஆகிவிடும், படுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அவளால் கடக்க முடியவில்லை. பாத்தித் தண்ணீர் சிவந்து, சிவப்பு ஊதாவாகி, ஊதா சாம்பலாகி, ஒவ்வொரு நிறம் மாறும்போதும் வரலாம் என்பது கொஞ்சம் குறைந்து, நேரமாகிவிட்டது என்பது கொஞ்சம் கூடி, கடைசியில் ஒரு கொக்கு வரிசை வானத்தைக் கடந்து போய் அதுவும் காணாமல் ஆகும் வரையில், அவள் வாசற்படியில் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குப் பின்னணியாக மாலை நேரக் காட்சி ஒன்று படுதாவில் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டபோது, வரைவதற்கு அவளை விட்டால் ஊரில் ஆள் இல்லை. அரங்கின் சுவரில் ஈரம் கசிந்ததால் துணியைத் தன் வீட்டு முன்னறையிலேயே கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்ததை உள்ளே போய் வரைந்தாள். வளைந்து போகும் சாலை, இரு பக்கமும் பாத்திகள், பாத்திகளுக்குள் கவிழ்ந்து கிடக்கும் வானம், பனையோலை வேய்ந்த உப்புக் குவியல்கள், பறந்து போகாமல் நிற்கும் கொக்கு வரிசை, சாலை முடிகிற இடத்தில் ஒரே ஒரு சின்ன வீடு. வீட்டுக்கு ஒரு மாடக்குழி. எல்லாம் முடிந்து, மாடக்குழியில் வைப்பதற்கு மஞ்சளைத் தொட்டுத் தூரிகையைத் தூக்கியவள், கொஞ்ச நேரம் தூக்கியபடியே நின்றுவிட்டு, தூரிகையைத் தண்ணீரில் கழுவி வைத்தாள்.

வெளியே மேற்கில் அப்போது சூரியன் மாம்பழம் காம்பு விட்டதுபோல விழுந்தது. விழுந்த இடத்தில் சிவப்பு இல்லை, ஊதா இல்லை. பகல் இருந்த இடத்தில் இரவு இருந்தது.

முதல் சில நாட்கள் மேகம் என்று சொன்னார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். வெளியில் திடீரென்று இருட்டியதும் நின்ற இடத்திலேயே ஆடுகள் நின்றுவிட்டன என்பதால் வெயில் இருக்கும்போதே அவற்றை ஓட்டி வந்தார்கள். காகங்கள் கூடு திரும்ப நேரம் கிடைக்காமல் கொடிக்கயிற்றிலும் லாரி முகப்பிலும் உட்கார்ந்தபடியே தூங்கின. காலையில் எழுந்த டிரைவர்கள் அவற்றை மெல்லத் தட்டி எழுப்பிவிட்டு வண்டியை எடுத்தார்கள். சிவன் கோயில் குருக்கள் சாயரட்சை பூஜையை உச்சிக்காலத்தோடு சேர்த்துச் செய்தார், சுவாமி ஒன்றும் சொல்லவில்லை. பிச்சி மொட்டுகள்தான் அவிழ மறுத்தன. பூக்காரப் பெண்கள் கூடைகளைக் கொண்டுவந்து டீச்சர் வீட்டு முன்னறையில் படுதாவின் முன் வரிசையாக வைப்பார்கள். அந்தத் துணியிலிருந்து விழுந்த சாய்வெளிச்சத்தில் மொட்டுகள் ஒவ்வொன்றாக, ஒன்றும் நடக்காததுபோல, வாய் திறக்கும். தெருவே மணக்க அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

பள்ளிவாசல் மோதினார் காதர் மைதீன் ஒரு நாள் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, படுதாவை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேக்க செம்மை மறைஞ்சாத்தான் எங்களுக்கு இஷா தொழுகை, டீச்சர். வெளிய பாத்தா செம்மையே இல்ல. இங்க வந்து பாத்தா மறையவே மாட்டேங்குது. நான் எப்பதான் பாங்கு சொல்ல?"

டீச்சர் சிரித்தாள். எத்தனையோ வருடமாக அந்த நேரத்தில் அந்த வீட்டிலிருந்து சிரிப்பு கேட்டதில்லை. மோதினாரும் சிரித்துவிட்டு, கடிகாரம் இருக்கு, அல்லா அதையும் குடுத்திருக்கான் என்று சொல்லிப் போனார்.

தலைமையாசிரியை படுதாவைக் கேட்டு வரவே இல்லை. இதைச் சுருட்டினால் என்னவெல்லாம் உள்ளே சுருளுமோ என்று அவர் பயந்தார். நாடகத்துக்குப் போன வருடத்து அரண்மனைப் படுதாவையே கட்டினார்கள். மாடு மேய்க்கப் போனவனுக்காக ஒரு பெண் தர்பார் மண்டபத்தின் நடுவில் நின்று கண்ணீர் விட்டாள், நாங்கள் கைதட்டினோம்.

ஆட்கள் டீச்சர் வீட்டு முன்னறைக்கு வந்து உட்காரத் தொடங்கினார்கள். ஏன் வருகிறோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாத்தியில் உழைத்த கால்களை நீட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகங்களெல்லாம் அழகாகத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போவார்கள். அங்கே உட்கார்ந்தவர்களுக்கு எங்கேயும் போக வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த அந்தி நகராத அந்தி. கொக்குகள் பறந்து போய்விடவில்லை. சிவப்பு ஊதாவாகவில்லை. அந்தச் சாலையில் வர வேண்டியவர் யாராக இருந்தாலும் அவருக்கு இன்னும் நேரமாகவில்லை.

டீச்சருக்கு வேண்டியிருந்தது அதுதான். எந்நேரம் நிமிர்ந்து பார்த்தாலும் அவர் வந்துகொண்டிருந்தார். இப்போதோ இன்னும் சற்று நேரத்திலோ வளைவு திரும்பிவிடுவார். தாமதம் என்ற ஒன்று தொடங்கவே இல்லை. அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. வாசற்படியில் உட்காருவதை விட்டாள். சமைக்கும்போது பாடினாள், நல்ல குரல், எங்களுக்கு அதுவரை தெரியாது.

ஊரில் நடந்துகொண்டிருந்த இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை. நேரமாச்சே, இன்னும் காணலையே என்கிற சொல் அந்த மாதங்களில் எந்த வீட்டிலும் சொல்லப்படவில்லை. வெளிச்சம் இருந்தது, பிறகு இருட்டு இருந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்க்க நடுவில் ஓர் இடம் இல்லை. இருட்டியதும் எல்லா வீட்டிலும் சுவிட்சைப் போடுவதுபோல ஒரே சமயத்தில் விளக்கு வைத்தார்கள். டிரைவர்கள் பழக்கத்துக்கு ஆரன் அடித்தார்கள், வீட்டுக்குள் வந்தார்கள், சாப்பிட்டார்கள். வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் போன் செய்வது குறைந்தது. கோபமில்லை, மறதியுமில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். வேலை சுறுசுறுப்பாக நடந்தது. அந்த வருடம் உப்பு நல்ல விளைச்சல்.

உப்புத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பேரூராட்சித் தலைவர் வேலாயுதப் பெருமாள், படத்தில் எல்லாம் இருக்கிறது, மாடக்குழியில் விளக்கு ஒன்றுதான் இல்லை, நம் ஊரில் விளக்கு வைக்காமல் எந்த அந்தி முடிந்திருக்கிறது, ஒரு பொட்டு மஞ்சள் வைத்தால் போதும், அது நகர்ந்து வெளியே வந்துவிடும் என்று விளக்கமாகச் சொன்னார். அது சரி என்று எல்லோருக்கும் பட்டது. மாடத்தியின் கணவர் இசக்கிமுத்து கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.

"வைக்கச் சொல்லி யாரு போய்ச் சொல்லுவா, அண்ணாச்சி?"

தலைவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக லாரிக்காரத் தெரு தெரிந்தது. சமையலறையிலிருந்து டீச்சர் பாடுவது காற்றில் கொஞ்சம் வந்தது. தெரு விளக்குகளை இனி வெயில் இருக்கும்போதே போட்டுவிடுவது என்று தீர்மானித்துக் கூட்டத்தை முடித்தார்கள். ஓர் ஊர் தன் அந்தியை ஒரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் கலைந்து போனது.

பங்குனியில் இசக்கிமுத்துவின் லாரி ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் சரிந்தது. மண் இளகிச் சக்கரம் இறங்க, வண்டி மெல்லச் சாய்ந்து, கதவுக்கு அடியில் அவர் கால் சிக்கிக்கொண்டது. ஊர் விளக்குகள் தெரிகிற தூரம். மாடக்குழி கறுத்துக் கிடப்பதைப் பார்த்து வந்துவிடுவார்கள் என்று அவர் நம்பிக்கையோடு கிடந்தார். விடிவதற்கு முன் பாத்திக்குப் போனவர்கள்தான் அவரைப் பார்த்தார்கள். தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாவுக்கட்டு போட்டு வீட்டுக் கட்டிலில் கிடத்தும் வரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகு மனைவியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நேத்து விளக்கு வெச்சிட்டியாட்டி?"

வைத்துவிட்டிருந்தாள். வைத்து, சாப்பிட்டு, தூங்கியும் இருந்தாள்.

மத்தியானம் மாடத்தி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். கையில் கிண்ணம் இல்லை. படுதாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நான் அவுகளத் தேடல, டீச்சர். பக்கத்துல பாய் காலியாக் கெடக்கு. பாத்தேன். பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். தேடணும்னே தோணல."

டீச்சர் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்கு இது நல்லாருக்கு. எல்லாருக்கும் தெரியும். அதான் யாரும் வந்து கேக்கல. நானும் கேக்க வரல."

"பெறவு எதுக்கு வந்த?"

"சும்மாதான்" என்றாள் மாடத்தி. எழுந்து போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஆவுடையம்மாள் படுதாவின் முன் நின்றாள். கணவர் காணாமல் போன அந்த இரவில் டார்ச் விளக்கோடு எல்லோருக்கும் முன்னால் நடந்தவன் இசக்கிமுத்து. அண்ணே, அண்ணே என்று சாலையோரப் புதர்களையெல்லாம் கூப்பிட்டுக் குரல் போய், ஒரு வாரம் பேச முடியாமல் இருந்தவன். அவனை ஒரு முழு இரவு ஓடைக்கரையில் கிடக்கவிட்டுத் தெரு தூங்கியிருக்கிறது. அவள் சாலையைப் பார்த்தாள். அவர் வந்துகொண்டிருந்தார், வழக்கம்போல. முகத்தை நினைத்தாள், தெளிவாக வந்தது, வர்ணத்தில் வரைந்ததுபோல அசையாமல் நின்றது. ஆரன் ஓசையை நினைத்தாள். அது வரவில்லை. இன்னும் உற்றுக் கேட்டாள். துணியில் எந்த ஓசையும் இல்லை, காற்று இல்லை, தண்ணீர் அலம்பவில்லை. இத்தனை வருடம் ஒவ்வோர் அந்தியிலும் எந்த ஓசைக்காகக் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தாளோ அந்த ஓசை எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. காத்திருப்பதை நிறுத்திய ஒரு சில மாதத்தில் போயிருந்தது.

செருப்பைக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்குப் போனாள். இசக்கிமுத்து கட்டிலில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார்.

"வாங்க மைனி."

"அவுக ஆரன் எப்படி இருக்கும், தம்பி?"

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. பிறகு, தலைநரைத்த அந்த மனிதர், கட்டிலில் படுத்தபடியே, உதட்டைக் குவித்து வாயால் அடித்துக் காட்டினார். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

"கடைசில கொஞ்சம் கம்மும்லா, மைனி. தொண்டை கட்டுன மாதிரி. நாங்கள்லாம் கேலி பண்ணுவோம், புது ஆரன் மாட்டும்வே, ஆவுடை மைனி எரும வருதுன்னு நெனச்சிட்டு வெளக்கு வெக்காம இருக்கப் போறான்னு."

"மாட்ட மாட்டேன்னுட்டாவ."

"மாட்ட மாட்டேன்னுட்டாரு."

மாடத்தி அடுப்படி வாசலில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கிமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"கால் சரியாகட்டும். வளைவுல நான் வேணா ஒருநாள் அதே மாதிரி அடிக்கட்டுமா?"

"வேண்டாம். அதான் இப்ப அடிச்சிட்டியே."

அவள் வீட்டுக்கு வந்து, காய்ந்து கிடந்த மஞ்சளில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். வெளியே உச்சி சாய்ந்த வெயில். தூரிகையின் நுனியில் ஒரு துளி எடுத்து, சாலை முடிகிற இடத்தில் இருந்த சின்ன வீட்டின் மாடக்குழியில் வைத்தாள்.

முதலில் கொக்குகள் நகர்ந்தன. வரிசை கலையாமல் துணியின் ஓரம் வரை பறந்து, அதைத் தாண்டி, ஜன்னல் வழியாக வெளியே போயின. பிறகு மடை திறந்த தண்ணீர் பாத்தியிலிருந்து பாத்திக்கு ஏறுவதுபோல அந்தச் சிவப்பு முன்னறையை நிரப்பி, படியிறங்கி, தெருவில் பரவி, சங்கக் கட்டடத்தையும் கோயிலையும் பள்ளிவாசலையும் நனைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய் ஒவ்வொரு பாத்தியாக நிறைந்தது. சில மாதத்து அந்திகள் மொத்தமாகத் திரும்பி வந்ததால் அன்றைய அந்தி மெதுவாக, மிக மெதுவாகப் போயிற்று. ஆடுகள் தாமாகவே வீட்டுப் பக்கம் திரும்பின. காகங்கள் கத்திக்கொண்டு மரங்களைத் தேடின. பூக்காரிகளின் கூடைகளில் மொட்டுகள் வழியிலேயே அவிழ்ந்தன. மோதினார் மினாராவின் கீழ் நின்று செம்மை ஊதாவாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசல்களுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், சாலையைப் பார்த்தார்கள், வர வேண்டியவர்களை எண்ணினார்கள். உரக்கப் பெயர்கள் கேட்டன. துபாயிலும் மஸ்கட்டிலும் போன்கள் அடித்தன. என்னம்மா, என்ன ஆச்சு என்று பதறிய பிள்ளைகளிடம் ஒன்றுமில்ல, சாப்டியா என்று கேட்டுவிட்டுத் தாய்மார்கள் அழுதார்கள். இறந்துபோனவர்களைக்கூடச் சில வீடுகளில் எண்ணினார்கள். எங்களில் துக்கம் இல்லாதவர் யாரும் அன்று இருக்கவில்லை, ஆனாலும் அந்தத் துக்கத்தை யாரும் வேண்டாம் என்று தள்ளவில்லை; தொலைந்துபோன மாடு தானே திரும்பி வந்து வாசலில் நிற்பதுபோல அது வந்து நின்றது, கழுத்தைத் தடவிக்கொடுத்தோம்.

ஆவுடையம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு ஊதாவாயிற்று. ஊதா சாம்பலாயிற்று. நேரமாகிவிட்டது. அவருக்கு மிகவும் நேரமாகிவிட்டது. மற்ற ஆரன்கள் ஒவ்வொன்றாக வளைவில் ஒலித்து, மாடக்குழிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. தெரு மெல்லச் சத்தமடங்கி, பார்க்காததுபோல அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொக்கு வரிசை கடைசியாகக் கண்ணுக்கு மறைந்த பிறகு அவள் எழுந்தாள். மாடக்குழியில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். அகலில் எண்ணெய் விட்டாள். தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது, பல குச்சிகள் உரசிய பிறகுதான் ஒன்று பற்றியது.

படுதாவில் இப்போது அந்தி இல்லை. ஆண்டுக்கொரு முறை பள்ளி அரங்கில் அதைக் கட்டுகிறார்கள். கறுப்புத் துணி, அதில் கீழே ஒரு மூலையில் ஒரே ஒரு மஞ்சள் பொட்டு. இரவு நேரக் காட்சிகளுக்கு வசதியாக இருக்கிறது.

அன்று விளக்கு வைத்துச் சற்று நேரம் ஆகியிருக்கும். மாடத்தி அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு உப்பு டப்பாவைத் திறந்தால் காலியாக இருந்தது. கை தன் பழக்கத்தில் கிண்ணத்தை எடுத்தது, கால் தன் பழக்கத்தில் தெருவைத் தாண்டியது.

"டீச்சர், ஒரு கை உப்பு."

உள்ளிருந்து ஆவுடையம்மாள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நிலைப்படியில் நின்று, மாடத்தியின் கிண்ணத்தைப் பார்த்தாள், மாடக்குழியைப் பார்த்தாள்.

"விளக்கு வெச்சாச்சு, மாடத்தி" என்றாள். "காலைல வா."

மாடத்தி கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் வெறுங்கிண்ணத்தோடு தெருவைத் தாண்டுவதை எல்லா வாசல்களும் பார்த்தன. வேறு யாரும் உப்புக் கேட்டுப் போகவில்லை. நிலவில் மலை மலையாக உப்பு வெளுத்துக் கிடந்த அந்த ஊரில், அன்று இரவு எங்கள் தெருவில் பாதி வீடுகளில் உப்பில்லாமல் சாப்பிட்டோம். ஒருவரும் குறை சொல்லவில்லை.